பறக்கும் தட்டுகளும் அவற்றைத் துப்புத்துலக்கிய குடிமக்களும்

1952 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஸ்டர்ஜன் பே என்னும் சிற்றூரில் கோரல் லோரன்சன் என்ற பெண்மணியும் அவர் கணவர் ஜிம்மும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வானத்தில் இன்னதென்று புரியாத எதையாவது பார்த்தவர்களிடமிருந்து தகவல் வாங்கி, அதை விசாரித்து, பதிவு செய்து, உறுப்பினர்களுக்குச் சுற்றிதழாக அனுப்புவது அதன் வேலை. ‘ஆப்ரோ’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்டது. அரசு மானியம் கிடையாது. சந்தாப் பணத்தையும் தொண்டர்களின் உழைப்பையும் நம்பித்தான் அது நடந்தது. ஓராண்டு கழித்து, 1953 ஜனவரியில், சிஐஏ நிறுவனம் இயற்பியலாளர் எச். பி. ராபர்ட்சன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்றை ரகசியமாகக் கூட்டியது. பறக்கும் தட்டுகளால் நாட்டுக்கு நேரடி ஆபத்து ஏதும் தெரியவில்லை என்று முடிவு சொன்ன அந்தக் குழு, கூடவே இன்னொன்றையும் பரிந்துரைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இயங்கிவந்த ஒரு குடிமக்கள் குழுவையும் ஆப்ரோவையும் கண்காணிக்க வேண்டும். பெரும் எண்ணிக்கையில் தட்டுகள் தென்பட்டதாகச் செய்தி பரவும் காலத்தில் மக்கள் மனத்தை ஆட்டிவைக்கக்கூடியவர்கள் இவர்கள்.

தட்டுகளைப் பற்றிக் கவலைப்படாத அரசு, அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களைப் பற்றிக் கவலைப்பட்டது.

இந்த விஷயத்தில் ராணுவத்துக்கும் குடிமக்களுக்கும் இடையே ஆரம்பத்திலிருந்தே ஒரு விலகல் உண்டு. 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் சிகரத்தருகே ஒன்பது பொருள்கள் பளிச்சிட்டபடி அதிவேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். பத்திரிகைகள் அதற்குப் ‘பறக்கும் தட்டு’ என்று பெயர் சூட்டின. அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் தட்டுகள் தெரிந்தன. விமானப்படை விசாரணையைத் தொடங்கியது. அதன் கடைசி வடிவமான ‘புளூ புக்’ திட்டம் 1969இல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்தவை 12,618 புகார்கள். அவற்றில் 701 மட்டுமே விளக்கம் இல்லாதவை என்றது விமானப்படை. ஆனால் புளூ புக் கேட்ட அடிப்படைக் கேள்வி “இதனால் நாட்டுக்கு ஆபத்து உண்டா?” என்பது. இல்லை என்று தெரிந்ததும் கோப்பை மூடுவதில் அதற்குத் தடையில்லை. பார்த்தவரின் கேள்வியோ “நான் பார்த்தது என்ன?” என்பது. சில அதிகாரிகளும் எழுத்தர்களும் மட்டுமே இருந்த அலுவலகத்தால் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் குடிமக்கள் குழுக்கள் முளைத்தன.

அவர்களுடைய உழைப்பின் தன்மையைக் காட்ட டெட் புளோக்கர் ஒருவரே போதும். 1954இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஒரு சிறு குழுவைச் சேர்ந்தவர் அவர். பிற்பாடு, 1947ஆம் ஆண்டின் அந்த முதல் அலையை நூலகங்களில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டியே மீட்டெடுத்தார். 853 சம்பவங்களைத் தேதி, நேரம், இடவாரியாகத் தொகுத்து 1967இல் வெளியிட்டார். விமானப்படையின் கையில் இருந்ததைவிட மிக விரிவான பட்டியல் அது. அந்த ஒளிகளெல்லாம் என்ன என்பது வேறு கேள்வி. ஒரு நாடு ஒரு கோடைகாலத்தில் எதைக் கண்டதாக நம்பியது என்பதற்கான ஆவணமாக அத்தொகுப்பு இன்றும் நிற்கிறது.

1950களின் இரண்டாம் பாதியில் களம் பெரிதானது. 1956இல் வாஷிங்டன் நகரில் ‘நைகேப்’ என்ற தேசியக் குழு உருவானது. அடுத்த ஆண்டு அதன் பொறுப்பை ஏற்ற டொனால்ட் கீஹோ, மரைன் படையில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், விறுவிறுப்பாக எழுதத் தெரிந்தவர். விமானப்படை உண்மையை மறைக்கிறது என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. நைகேப்பின் நிர்வாகக் குழுவில் சிஐஏவின் முதல் இயக்குநரான ரோஸ்கோ ஹில்லென்கோட்டரே அமர்ந்திருந்தார்! 1964இல் ரிச்சர்ட் ஹால் தொகுத்து வெளியிட்ட நைகேப்பின் ஆவண நூல், தேர்ந்தெடுத்த 746 சம்பவங்களை விமானிகள், காவலர்கள், பொறியாளர்கள் என்று சாட்சிகளின் தொழில்வாரியாகப் பிரித்து அடுக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் கண்ணில் படவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நைகேப்புக்கும் ஆப்ரோவுக்கும் ஆகாது. நைகேப் மரியாதையைத் தேடியது. தட்டிலிருந்து குள்ள மனிதர்கள் இறங்கினார்கள் என்பது போன்ற கதைகள் வந்தால் அவற்றை ஓரமாக வைத்தது. லோரன்சன் தம்பதிக்கு அந்தத் தயக்கம் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செய்திகளானாலும் சரி, தட்டில் வந்தவர்களைக் கண்டதாகச் சொன்னவர்களானாலும் சரி, எல்லாவற்றையும் பதிந்தார்கள். கேட்கும்போதே நம்ப முடியாதது என்று ஒதுக்கிவிட்டால் அது விசாரணை ஆகாது என்பது ஆப்ரோவின் வாதம். எல்லாவற்றையும் ஏற்றால் நாடு நம்மைக் கேட்காது என்பது நைகேப்பின் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எழுபது ஆண்டுகளாக உலகின் எந்தக் குழுவாலும் இந்த வழக்கை முடித்துவைக்க முடிந்ததில்லை.

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் டெக்ஸ்டர், ஹில்ஸ்டேல் ஆகிய இடங்களில் நூறு பேருக்கும் குறையாமல் விநோத ஒளிகளைப் பார்த்தார்கள். விமானப்படையின் வானியல் ஆலோசகரான ஜே. ஆலன் ஹைனக் விரைந்து வந்து, சதுப்பு நில வாயு எரிந்ததால் தெரிந்த வெளிச்சமாக இருக்கலாம் என்று செய்தியாளர்களிடம் கூறினார். மாநிலமே கொதித்தது. பின்னாளில் அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு அப்போது மிச்சிகனின் நாடாளுமன்ற உறுப்பினர். விசாரணை வேண்டும் என்று எழுதினார். விளைவாக, கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் தலைமையில் விமானப்படைப் பணத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. நைகேப்பும் ஆப்ரோவும் தம் தகவல்களைத் திறந்துவிட்டன. தொண்டர்கள் சேர்த்துவைத்ததை அறிவியலாளர்கள் எடுத்து ஆராயும் வாய்ப்பு அப்போதுதான் வந்திருந்தது.

அது கசப்பில் முடிந்தது. திட்ட ஒருங்கிணைப்பாளர் ராபர்ட் லோ 1966 ஆகஸ்டில் எழுதிய ஒரு குறிப்பு வெளியே வந்தது. ஆய்வு திறந்த மனத்துடன் நடப்பதாகப் பொதுமக்களுக்குத் தோன்ற வேண்டும்; அறிவியலாளர்களுக்கோ, எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே தேடுபவர்களின் வேலையாகத் தோன்ற வேண்டும் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது. 1968இல் நைகேப் உறவை முறித்தது. 1969 தொடக்கத்தில் வெளிவந்த காண்டன் அறிக்கை, இத்துறையில் மேலும் ஆராய்ந்து அறிவியலுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்றது. அந்த ஆண்டின் இறுதியில் புளூ புக் மூடப்பட்டது. நைகேப்பின் உறுப்பினர்கள் விலகினார்கள், கீஹோ பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார், அமைப்பே 1980 வாக்கில் இல்லாமல் போயிற்று.

ஆனால் அரசு கதவைச் சாத்திய அதே 1969இல், மே 31 அன்று இல்லினாய் மாநிலத்துக் குயின்சி நகரில் வால்டர் ஆண்ட்ரஸ் என்ற மோட்டரோலா நிறுவன ஊழியர் ‘மூஃபான்’ அமைப்பைத் தொடங்கினார். ஆப்ரோவிலிருந்து பிரிந்துவந்தவர் அவர். மாநிலத்துக்கு ஓர் இயக்குநர், அவருக்குக் கீழே வட்டாரப் பொறுப்பாளர்கள், களத்தில் விசாரணையாளர்கள் என்று நிர்வாக அடுக்கு அமைத்தார். களவிசாரணையாளருக்கென்று ஒரு கையேடு எழுதப்பட்டது. அதைப் படித்துத் தேர்வு எழுதித் தேறியவருக்குத்தான் அடையாள அட்டை. தொண்டு வேலைக்கும் தகுதித் தேர்வு வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

சதுப்பு வாயுவால் கேலிக்கு ஆளான ஹைனக்கின் மாற்றம் தனியாகச் சொல்லத் தகுந்தது. இருபது ஆண்டுகள் விமானப்படைக்கு ஆலோசனை சொன்னவர், இத்தனை சாட்சிகளில் ஒரு பகுதியையாவது நேர்மையாக ஆராய வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1973இல் ‘குஃபோஸ்’ என்ற ஆய்வு மையத்தைத் தாமே நிறுவினார். தட்டுகளுடனான நெருங்கிய சந்திப்புகளை மூன்று வகைகளாகப் பிரித்தவர் அவரே. பயனுள்ள இன்னோர் அளவுகோலையும் அவர் தந்தார். ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு மதிப்பெண்கள்: நிகழ்வு எவ்வளவு விநோதமானது, சாட்சியம் எவ்வளவு நம்பகமானது. விநோதம் மிகுந்து நம்பகம் குறைந்த கதைகளும், நம்பகம் மிகுந்து விநோதமே இல்லாத கதைகளும் ஏராளம். இரண்டும் சேர்ந்து உயர்ந்து நிற்பவையே விசாரணையாளரின் நேரத்துக்குத் தகுதியானவை.

குஃபோஸ் காவல் நிலையங்களுக்கு ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவைத்தது. அதன்வழி வந்தவற்றை முழுநேரமாக விசாரித்தவர் ஆலன் ஹெண்ட்ரி. 1,307 சம்பவங்களைப் பின்தொடர்ந்து 1979இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் மிக நேர்மையான நூல்களில் ஒன்று. பத்தில் ஒன்பது சம்பவங்களுக்கு அவரால் சாதாரண விளக்கம் தர முடிந்தது. விண்மீன்கள், கோள்கள், விமானங்கள், எரிகற்கள். வேண்டுமென்றே ஏமாற்றியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதுதான் கவனிக்க வேண்டிய எண்: மக்கள் பொய் சொல்லவில்லை, தவறாகப் புரிந்துகொண்டார்கள். அக்காலத்தில் சிறு விமானங்களின் அடியில் மின்விளக்கு எழுத்துகளைக் கட்டி இரவில் விளம்பரம் செய்வார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்து தெரியாது, ஓடும் விளக்குகள் மட்டும் தெரியும். அதைப் பார்த்தவர்கள் சுழலும் தட்டு, மேலே கவிகைமாடம் என்று படம் வரைந்து கொடுத்ததை ஹெண்ட்ரி பதிவு செய்திருக்கிறார். விளக்குகளைக் கண் பார்த்தது. தட்டை மனம் சேர்த்துக்கொண்டது.

ஆகவே ஒரு நல்ல களவிசாரணையாளர் செய்வதில் பெரும்பகுதி, பார்த்ததையும் சேர்த்ததையும் பிரிப்பதுதான். நடைமுறை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி உருவானது. சாட்சியை முதலில் தன் சொற்களிலேயே, யாரும் குறுக்கிடாமல், முழுவதையும் எழுத விடவேண்டும். படம் வரைந்து கையெழுத்திடச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் இருந்தால் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பிறகு அதே இடத்துக்கு, இயன்றால் அதே நேரத்துக்கு அழைத்துப்போய், திசைகாட்டியால் திசையையும் கோணமானியால் உயரத்தையும் அளக்க வேண்டும். “எவ்வளவு பெரிது?” என்ற கேள்விக்குச் சாட்சிகள் மீட்டரில் சொல்லும் பதில் பயன்படாது. தொலைவு தெரியாத பொருளின் அளவை எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அதனால்தான் கையை நீட்டிப் பிடித்தால் அது குண்டூசித் தலையா, பட்டாணியா, காசா என்று வினாப்படிவங்கள் கேட்டன. முழுநிலவின் அகலமே அரை பாகைதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் அதை முழுதாக மறைத்துவிடும். இதைச் சொன்னால் நம்பாத சாட்சிகள் அதிகம், செய்துபார்த்தால்தான் நம்புவார்கள். அதன்பின் வானியல் பஞ்சாங்கம், விமான நிலையம், வானிலை பலூன் நேரங்கள், ராணுவப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். எதிலும் பொருந்தாமல் நின்றால்தான் அது ‘அடையாளம் தெரியாதது’.

சலிப்பூட்டும் வேலை. சம்பளமில்லாமல் வார இறுதிகளில் இதைச் செய்தவர்களைக் கேலி செய்வது எளிது. நேர்மையாகச் செய்தவர்கள் அதற்குத் தகுதியானவர்கள் அல்லர்.

அதே நேரம், விசாரணையாளர்களை யார் விசாரிப்பது என்ற கேள்வியும் இருந்தது. பிரிட்டனில் அதற்கு ஒரு சோதனையே நடந்தது. தெற்கு இங்கிலாந்தின் வார்மின்ஸ்டர், ராணுவப் பயிற்சி மைதானத்தை ஒட்டிய ஊர். 1964 கிறிஸ்துமஸிலிருந்து அங்கே விசித்திரச் சத்தங்களும் ஒளிகளும் என்று செய்தி பரவ, கிரேடில் ஹில் என்ற குன்றில் வான்நோக்குவோர் கூட்டம் கூடத் தொடங்கியது. 1970 மார்ச் 28 இரவு, டேவிட் சிம்சனும் நண்பர்களும் எதிரே இருந்த மேட்டிலிருந்து ஊதாநிற விளக்கைச் சில விநாடிகள் எரித்து அணைத்தார்கள். குன்றில் கூட்டத்தோடு நின்ற அவர்களுடைய ஆள் ஒருவர் காந்தப்புலத்தைக் கண்டறியும் கருவி என்று சொல்லி வைத்திருந்த பெட்டி அந்நேரம் ஒலித்தது. இன்னொருவர் படம் எடுத்தார். அந்தப் படச்சுருளில் தட்டின் படங்கள் முன்கூட்டியே பதியப்பட்டிருந்தன. வேண்டுமென்றே பிழைகளும் விடப்பட்டிருந்தன: படத்தில் ஒளி நின்ற இடம் மக்கள் பார்த்த இடம் அல்ல, பின்னணி விளக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. கொஞ்சம் நிதானமாக ஒப்பிட்டிருந்தால் பிடிபட்டிருக்கும்.

பிடிபடவில்லை. 1955 முதல் வெளிவந்த, உலகெங்கும் மதிக்கப்பட்ட ‘பிளையிங் சாசர் ரிவ்யூ’ இதழ், நிபுணர் கருத்துகளோடு அப்படங்களை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரும் பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டவில்லை. கடைசியில் சிம்சனே உண்மையைச் சொன்னார். இவ்வகைச் சோதனை சாட்சிகளை ஏமாற்றுவதால் அறமற்றது என்று சிலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானதே. ஆனால் அந்த இரவில் சாட்சிகள் பெரிய தவறு செய்யவில்லை. ஊதா ஒளியைப் பார்த்தார்கள், ஊதா ஒளி என்றுதான் சொன்னார்கள். தவறியவர்கள் விசாரணையாளர்கள். பிரிட்டிஷ் குழுக்கள் இதிலிருந்து மெல்லப் பாடம் கற்றன. தேசிய அமைப்பான ‘பூஃபோரா’ விசாரணையாளர்களுக்கு நடத்தை விதிகளை வகுத்தது. அறிதுயிலில் ஆழ்த்தி நினைவைத் தோண்டும் முறை இல்லாத நினைவுகளை உண்டாக்குகிறது என்று தெளிந்து, 1980களின் இறுதியில் தன் உறுப்பினர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. வேற்றுலகத்தவர் தங்களைக் கடத்திச் சென்றார்கள் என்ற கதைகளை அம்முறை அமெரிக்காவில் பெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. பூஃபோரா அன்று எடுத்த முடிவைத் துணிச்சலானது என்றே சொல்ல வேண்டும்.

குடிமக்கள் குழு ஒன்று அரசோடு தோளோடு தோள் நின்று வேலை செய்த இடம் பெல்ஜியம். அங்கே 1971 முதல் ‘சோபெப்ஸ்’ என்ற சங்கம் பிரசெல்ஸில் இயங்கிவந்தது. மிஷேல் பூகார் அதன் தலைவர், லூசியன் கிளெரெபோ செயலாளர். பதினெட்டு ஆண்டுகள் அமைதியாகக் கோப்பு சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1989 நவம்பர் 29 மாலையில் வேலை வந்தது. ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஆய்பென் நகருக்கு வெளியே ரோந்து சென்ற இரண்டு காவலர்கள், மூன்று வலுவான விளக்குகளும் நடுவில் சிவப்பு ஒளியும் கொண்ட பெரிய முக்கோணம் ஒன்று சத்தமின்றி மெதுவாக மிதந்து சென்றதைக் கண்டார்கள். அதே மாலையில் அந்த வட்டாரத்தில் பார்த்ததாகப் பின்னர் பதிவானவை மட்டும் நூற்றுக்கும் மேல். சோபெப்ஸ் தொண்டர்கள் சில நாள்களிலேயே ஒலிப்பதிவுக் கருவிகளோடு அங்கே போய் வீடு வீடாகக் கேட்டார்கள். லூவேன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஓகுஸ்ட் மீசன் அவர்களோடு சேர்ந்தார்.

அடுத்து நடந்தது வேறெங்கும் அதிகம் நடக்காதது. காவல்துறை தனக்கு வந்த தகவல்களைச் சங்கத்தோடு பகிர்ந்துகொண்டது. விமானப்படையின் கர்னல் வில்ஃபிரட் தெ புரூவர் சங்கத்தோடு வெளிப்படையாகப் பேசினார். 1990 மார்ச் 30 நள்ளிரவு தாண்டி இரண்டு எஃப்-16 போர் விமானங்கள் ரேடார் சுட்டிய இலக்குகளைத் தேடிக் கிளம்பின. விமானிகளின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விமான ரேடாரோ பலமுறை எதையோ பிடித்தது, விட்டது. அந்தப் பதிவுகளை விமானப்படை மறைக்கவில்லை. ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறையில் சோபெப்ஸ், விமானப்படை, காவல்துறை மூவரும் சேர்ந்து பியர்சே விமானதளத்திலிருந்து சில இரவுகள் வான்வேட்டையே நடத்தினார்கள். அகச்சிவப்புக் கருவிகள் பொருத்திய விமானம் தயாராக நின்றது. முக்கோணம் வரவில்லை.

பதிவுகளை ஆராய்ந்தபோது படம் மாறியது. விமான ரேடார் பிடித்த இலக்குகளில் சில, உடன் பறந்த இன்னொரு எஃப்-16 என்று விமானப்படையின் சொந்த ஆய்வு காட்டியது. தரை ரேடாரில் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை வளிமண்டல ஈரப்பத மாறுபாடுகளால் வந்த எதிரொலிகள் என்று மீசனே முடிவுக்கு வந்தார். பெல்ஜியத்தில் எழுந்த இந்த அலை உண்மை என்று வாதாடிய அதே மனிதர், தன் வாதத்துக்குப் பலமாக இருந்த சான்றைத் தானே வலுவிழக்கச் செய்தார். இத்துறையில் அரிதாகக் காணும் நேர்மை அது.

புகைப்படம் அப்படி அமையவில்லை. 1990 ஏப்ரலில் பெத்தி-ரெஷேன் ஊரில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வண்ணப்படம், கருத்த முக்கோணமும் மூலைகளில் ஒளிப்பிழம்புகளும் கொண்டது, அலையின் முகமாகவே ஆகிப்போனது. ராணுவக் கல்லூரி ஆய்வகம் முதல் வெளிநாட்டு நிபுணர்கள் வரை பார்த்தார்கள். மோசடிக்கான தடயம் எதுவும் புலப்படவில்லை என்ற கருத்தே மேலோங்கியது. அதேபோன்ற படத்தை எளிய மாதிரியை வைத்து எடுக்க முடியும் என்று ஃபிளமிஷ் ஆய்வாளர் விம் வான் உட்ரெக்ட் செய்தே காட்டினார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 2011 ஜூலையில் படத்தை எடுத்தவர் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்: தெர்மகோல் பலகையை முக்கோணமாக வெட்டி, வண்ணம் பூசி, கைவிளக்குகள் பொருத்தித் தொங்கவிட்ட விளையாட்டு. அதைக் கேட்கச் சோபெப்ஸ் உயிரோடு இல்லை. ஆளும் பணமும் குறைந்துபோய் 2007 இறுதியில் கலைந்திருந்தது.

அதனால் பெல்ஜிய அலை முழுவதும் பொய் என்றாகிவிடாது. ஆய்பென் காவலர்கள் பார்த்தது ஹெலிகாப்டர் என்று ஒரு தரப்பும், செய்தி பரவியதால் மக்கள் சாதாரண விமான விளக்குகளையே முக்கோணமாகக் கண்டார்கள் என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. இந்த வாதங்களை இன்று நடத்த முடிவதற்கே காரணம், 1991, 1994 ஆண்டுகளில் சோபெப்ஸ் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகள்தான். தங்கள் முடிவை மறுக்கத் தேவையான தரவுகளையும் சேர்த்தே அச்சிட்டுவைத்தார்கள்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதை. ஃபுளோரிடாவின் கல்ஃப் பிரீஸ் ஊரில் 1987 இறுதியிலிருந்து ஒருவர் வரிசையாகத் தட்டுப் படங்கள் எடுக்க, மூஃபான் தலைமை அவற்றை உண்மை என்று தாங்கிப்பிடித்தது. 1990இல் அவர் முன்பு குடியிருந்த வீட்டின் கூரையடியில் அதே சாயலில் ஒரு மாதிரித் தட்டு கிடைத்தது. அப்போதும் தலைமை இறங்கிவரவில்லை. மறுபரிசீலனை செய்த சொந்த விசாரணையாளர்களோடுதான் மனக்கசப்பு வந்தது. ஒரு குழு மோசடியில் சிக்குவது பெரிய குற்றமில்லை. சிக்கியது தெரிந்த பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது.

சாட்சிகளை விட்டுவிட்டுக் கருவிகளை நம்பினால் என்ன ஆகும் என்று நார்வே பார்த்தது. ஹெஸ்டாலன், டிரான்ட்ஹெய்ம் நகருக்குத் தெற்கே, நூற்றைம்பது பேர் அளவில் வாழும் பள்ளத்தாக்கு. 1981 டிசம்பரிலிருந்து அங்கே மலைச்சரிவுகளுக்கு மேல் வெள்ளை, மஞ்சள் ஒளிகள் வாரத்துக்குப் பதினைந்து, இருபது முறைகூடத் தெரிந்தன. அதிகாரிகள் அசையாததால், 1983இல் நார்வே, சுவீடன் நாட்டு ஆர்வலர் அமைப்புகள் சேர்ந்து ‘ஹெஸ்டாலன் திட்டம்’ தொடங்கின. பொறியாளர் எர்லிங் ஸ்ட்ராண்ட் போன்றோர் ரேடார், காந்தமானி, நிலநடுக்கமானி, அலைக்கற்றை ஆய்வுக் கருவி, லேசர் எல்லாவற்றையும் கடன் வாங்கிச் சேர்த்தார்கள். 1984 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 26 வரை, உறையும் பனியில், முறை வைத்துக் காவல் இருந்தார்கள். 53 ஒளிகள் பதிவாயின. ஒளி ஒன்றை நோக்கி ஒன்பது முறை லேசர் பாய்ச்சியபோது எட்டு முறை அது சிமிட்டும் விதம் மாறியது என்று குறித்தார்கள். வேறு யாரும் அதை மறுபடி செய்துகாட்டாதவரை, அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் குறித்துவைத்தது சரி.

1998இல் அங்கே தானியங்கி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஓஸ்ட்ஃபோல்ட் கல்லூரி அதை ஏற்று நடத்தியது. இத்தாலிய அறிவியலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். பதிவான ஒளிகளில் சில கார் விளக்குகள், சில விமானங்கள், சில கோள்கள். மீதிக்குப் பாறைகளின் அழுத்தத்தால் எழும் மின்சாரம், தூசு கலந்த மின்மக் குழம்பு என்று கருதுகோள்கள் உள்ளன, எதுவும் நிலைநாட்டப்படவில்லை. வேற்றுலக ஊர்தியைத் தேடி ஆரம்பித்த ஒரு வேலை, வளிமண்டல இயற்பியலுக்குரிய கேள்வியாக மாறிப்போனது. குடிமக்கள் விசாரணையின் ஆகச்சிறந்த வெற்றி இதுவாகத்தான் இருக்கும்.

ஆவணங்களைத் திறக்க வைத்ததிலும் இக்குழுக்களின் பங்கு பெரியது. ‘கிரவுண்ட் சாசர் வாட்ச்’ என்ற அரிசோனா குழு, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் 1977இல் சிஐஏமீது வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு சுமார் 900 பக்கங்கள் வெளிவந்தன. ஸ்பெயினில் விசென்டே-ஹுவான் பயெஸ்டர் ஓல்மோஸ் என்ற ஆய்வாளரின் விடாமுயற்சியால் 1992இல் தொடங்கி அந்நாட்டு விமானப்படை தன் கோப்புகளை ஒவ்வொன்றாக வெளியிட்டது. பிரேசிலில் ஆர்வலர் இயக்கம் 2004இல் தகவல் கேட்டுக் கையெழுத்துத் திரட்டியது. மறு ஆண்டு விமானப்படை அவர்களை அழைத்துக் கோப்புகளைக் காட்டியது. கிடைத்த காகிதங்களில் வேற்றுக்கிரகவாசி யாரும் இல்லை. ஆனாலும் குடிமகன் கேட்டால் ராணுவம் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் சில நாடுகளில் இந்த வாசல் வழியாகவும் நுழைந்தது.

கோப்புகளைக் காப்பது அடுத்த பாடு. லோரன்சன் தம்பதி 1986, 1988 ஆண்டுகளில் காலமானபின் ஆப்ரோவின் முப்பத்தாறு ஆண்டு ஆவணங்கள் தனியார் கைக்குப் போய், ஆய்வாளர்கள் பார்க்க முடியாமல் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தன. இதற்கு நேர்மாறானது சுவீடன். 1973இல் ஹோகன் புளோம்க்விஸ்ட், ஆண்டர்ஸ் லில்யேகிரென் உள்ளிட்ட இளைஞர்கள் தொடங்கிய காப்பகம், இன்று நோர்ஷோப்பிங் நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறைகளில் விரிந்து கிடக்கிறது. பல நாடுகளில் கலைந்துபோன குழுக்களின் கோப்புகள், சுற்றிதழ்கள், ஒலிநாடாக்கள் அங்கே போய்ச் சேர்கின்றன. நம்புபவர், மறுப்பவர் என்ற பேதம் பார்க்காமல் இரு தரப்பின் காகிதத்தையும் வாங்கி அடுக்குகிறார்கள். சுவீடனின் தேசிய அமைப்பு விசாரணையாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. 1980இல் வடக்கே ஒரு ஏரியில் ஏதோ விழுந்ததைப் பார்த்ததாக ஒரு தம்பதி சொன்னதை வைத்து, 2012இல் முக்குளிப்போரோடு அந்தக் காட்டு ஏரிக்கே போய்த் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்றே எழுதியது.

இப்போது வானம் முன்னைவிட நெரிசலானது. 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் முதல் தொகுதி ஏவப்பட்ட மறுநாள் இரவே, நெதர்லாந்தில் அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களுக்கான (யுஎஃப்ஓ) பதிவகத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்கள் குவிந்தன. வானில் தெரிவதைத் தவறாகப் புரிந்துகொள்வதில் படைவீரர்களும் விலக்கல்ல. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் இந்திய வீரர்கள் 329 முறை பார்த்துக் குறித்த ஒளிகள், சீன ஆளில்லா விமானங்கள் என்று சந்தேகிக்கப்பட்டவை, வியாழனும் வெள்ளியும்தான் என்று பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் கண்டுசொன்னது. நாசா அமைத்த தனிக்குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, இவ்விஷயத்தில் முதல் தடை தரமான தரவு இல்லாததே என்று கூறி, பொதுமக்கள் கைப்பேசிச் செயலி மூலம் பதிவுகள் அனுப்பும் முறையைப் பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகளாகச் சந்தாப் பணத்தில் நடந்துவந்த வேலையை அரசு நிறுவனம் ஒன்று தேவையானது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. செயலி படம் பிடிக்கும், நேரமும் இடமும் குறிக்கும். சாட்சியை உட்கார வைத்து, குறுக்கிடாமல் கேட்டு, மறுநாள் அதே இடத்துக்கு அழைத்துப்போகும் வேலைக்கு இன்னும் மனிதர்தான் வேண்டும்.

இதைப் படிப்பவர் என்றாவது ஓர் இரவு வானில் புரியாத ஒளியைக் கண்டால், அக்கம்பக்கத்தில் பேசுவதற்கு முன் தனியே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்: தேதி, மணி, நின்ற இடம், திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், நீட்டிய கையின் விரலோடு ஒப்பிட்ட அளவு, எத்தனை விநாடி தெரிந்தது, எப்படி மறைந்தது. ஒளியை மட்டும் படமெடுக்காமல், கீழே ஒரு மரமோ கூரையோ சேரும்படி எடுக்க வேண்டும். உடன் பார்த்தவர் இருந்தால் அவரும் தனித்தாளில் எழுதட்டும். வெள்ளியும் வியாழனும் அன்றைக்கு எங்கே இருந்தன என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.